யாரும் எண்ணாத எண்

பொன்செல்வி அழித்தது ஒரே ஒரு குறிப்பைத்தான். பட்டப்பகல், சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், அலுவலகத்தில் எல்லோரும் இருந்தார்கள். ஏசி ஒழுகுகிறது என்று யாரோ இந்தியில் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு விசையைத் தட்டினாள், குறிப்பு போய்விட்டது. இது இரண்டு வருஷம் கழித்து ஒரு பெண்ணின் வேலையைக் கொண்டுபோகும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

அலுவலகம் ஐரோலியில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்தது. மொத்தம் பதினான்கு பேர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் பழைய எழுத்துகளைக் கணினியில் ஏற்றிக் கொடுப்பதுதான் வேலை. பொன்செல்வி தாராவியில் பிறந்து, அங்கேயே கல்யாணமும் ஆனவள். தினமும் சயானில் ரயிலேறி, தாணேயில் வண்டி மாறி ஐரோலிக்கு வருவாள். கணினியில் எழுத்து வரைவதைப் படித்திருந்தாள். ஒன்பது வருஷ அனுபவம்.

அவர்களிடம் வந்த வேலைகளிலேயே பெரியது அந்த எண் பட்டியல். ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால், இப்போது இராக் என்று சொல்கிற நாட்டில், ஈரக் களிமண் பலகையில் நாணல் குச்சியை அழுத்தி எண்களைப் பதித்திருக்கிறார்கள். ஆப்பு மாதிரிக் கோடுகளால் எழுதும் ஆப்பெழுத்து முழுதாக உருவாவதற்கும் முந்தின காலம். குச்சியைச் சாய்த்து அழுத்தினால் பிறை மாதிரி ஒரு தடம், அது ஒன்று. நேராகக் குத்தினால் வட்டம், அது பத்து. அதே பிறையைப் பெரிய குச்சியால் அழுத்தினால் அறுபது. உள்ளே ஒரு கோடோ புள்ளியோ சேர்ந்துவிட்டால் வேறு எண். ஆட்டுக்கு ஒரு வகை எண்கள், தானியத்துக்கு இன்னொரு வகை.

இவற்றைப் படமாக வைத்திருந்தால் மட்டும் ஆய்வாளர்களுக்குப் போதாது. கணினியில் தட்டவும் தேடவும் வேண்டுமானால், நம் ‘அ’வுக்கு இருப்பதுபோல ஒவ்வொரு குறிக்கும் ஒரு நிரந்தரக் குறியீடு வேண்டும். அதை வழங்குவதற்கு உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஒரு குழு இருக்கிறது. அந்தக் குழு ஒருமுறை கொடுத்த குறியீட்டைத் திரும்பப் பெறுவதில்லை. பெற்றால், அதை நம்பி ஏற்கெனவே எழுதி வைத்த ஆவணங்கள் கெட்டுப்போகும். தவறாகவே கொடுத்திருந்தாலும் அது அங்கேயே இருக்கும். கூட ஒரு திருத்தக் குறிப்பு மட்டும் சேர்ப்பார்கள். அதனால்தான் பட்டியல் போவதற்கு முன் ஒவ்வொரு குறியையும் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

சரிபார்க்கும் வேலையைச் செய்தவள் ஷைஸ்தா. செம்பூருக்கு அப்பால் சீட்டா கேம்ப்பில் வீடு. மேலப்பாளையத்திலிருந்து வந்த குடும்பம். பொன்செல்வியைவிட ஏழு வயது இளையவள், ஒப்பந்தத்தில் இருந்தாள். மான்கூர்டில் ஏறி, வாஷியில் மாறி வருவாள். இருவரும் எதிரெதிர் மேசை. வீட்டில் பேசுகிற ஊர்த் தமிழை அலுவலகத்தில் பேச அவர்களுக்கு ஒருவருக்கொருவர்தான் இருந்தார்கள். ஷைஸ்தாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் களிமண் படத்தைப் பார்த்தால் குச்சி எந்தப் பக்கத்திலிருந்து இறங்கியது என்று சொல்லிவிடுவாள். பொன்செல்வியே அதைப் பலமுறை மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

பட்டியலில் முந்நூற்றுப் பதினோரு குறிகள். இருநூற்றுப் பதினான்காவது, உள்ளே ஒரு புள்ளியுடன் கூடிய பெரிய பிறை. அதற்கு எதிரே ஷைஸ்தா ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். உள்ளே இருப்பது புள்ளியாக இல்லாமல் மண் பெயர்ந்த குழியாக இருக்கலாம், இந்தக் குறி வேறு எந்தப் பலகையிலும் வரவில்லை, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி எடுத்த வேறு படம் கேட்க வேண்டும் என்று.

படம் கேட்டால் அருங்காட்சியகத்திலிருந்து வர மூன்று வாரம் ஆகும். குழுவுக்குப் பட்டியல் போய்ச் சேரவேண்டிய கடைசி நாளோ மறுநாள். மேலாளர் ரமேஷ்குமார், சந்தேகம் எதுவும் பாக்கியில்லாத பட்டியலாகப் போனால் அடுத்த வேலைக்குப் பொன்செல்விதான் குழுத்தலைவி என்று காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த ஒரு குறியை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்து நிறுத்தி வைத்திருக்கலாம். அப்போது ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விளக்கம் எழுத வேண்டும். பொன்செல்வி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். புள்ளி மாதிரிதான் தெரிந்தது. புள்ளியாக இருக்கவேண்டும் என்று அவளும் விரும்பினாள். குறிப்பை அழித்தாள். ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டத்தில் ஷைஸ்தாவின் பெயர் இருந்தது. அதைத் தொடவில்லை. தொடவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

பட்டியல் போனது. குழு ஏற்றுக்கொண்டது. பொன்செல்வி குழுத்தலைவி ஆனாள். ரமேஷ்குமார் கிங்ஸ் சர்க்கிளில் தன் வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலிருந்து மைசூர்பாகு வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார். ஷைஸ்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “பார்ட்டி எப்ப, அக்கா?” என்று கேட்டாள். அதிலிருந்து இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் முந்நூற்றுப் பதினோரு குறியீடுகளும் அதிகாரபூர்வமாக வெளிவந்தன.

ஜூன் மாதம் அந்த வேலையைக் கொடுத்த பேராசிரியையிடமிருந்து கடிதம் வந்தது. அருங்காட்சியகத்தில் பழைய பலகைகளை எல்லாப் பக்கமும் வெளிச்சம் போட்டு மறுபடி படமெடுத்திருக்கிறார்கள். இருநூற்றுப் பதினான்காவது குறியில் இருப்பது புள்ளி இல்லை, குழி. பலகை காய்ந்த பிறகு ஏதோ ஒரு காலத்தில் மண்ணுக்குள் இருந்த ஒரு சிறு கல் பெயர்ந்து விழுந்த இடம். அப்படி ஓர் எண்ணை எந்த மனிதரும் எழுதவில்லை, அதைக் கொண்டு எவரும் எதையும் எண்ணவில்லை. ஆனால் இனி அது இருக்கும். இது எப்படி நேர்ந்தது என்று அறிய விரும்புவதாக எழுதியிருந்தார்.

ரமேஷ்குமார் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மூவரும் தமிழர்கள் என்பதால் கதவைச் சாத்திவிட்டுத் தமிழிலேயே பேசினார். குரலை உயர்த்தவில்லை. கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு ஷைஸ்தாவைப் பார்த்தார்.

“நான் எழுதியிருந்தேன் சார்,” என்றாள் ஷைஸ்தா. “குழியா இருக்கலாம், வேற ஃபோட்டோ கேக்கணும்னு ரிமார்க்ஸ்ல எழுதியிருந்தேன்.”

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். குறிப்புக் கட்டம் காலியாக இருந்தது. பக்கத்தில் அவள் பெயர். போன வருஷம் சர்வர் மாற்றியபோது கடைசிப் பிரதிகளை மட்டும்தான் வைத்துக்கொண்டார்கள். இடைப் பிரதிகள் எதுவும் இல்லை.

“பொன்செல்வி, நீங்கதானே கடைசியா எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து அனுப்பினேள். அப்படி ஒரு ரிமார்க் இருந்துதா?”

ஷைஸ்தா அவள் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தில் கெஞ்சல் எதுவும் இல்லை. பதில் என்னவென்று தெரிந்தவள் அது வருவதற்காகக் காத்திருக்கிற மாதிரி இருந்தது.

“ஞாபகம் இல்ல சார்,” என்றாள் பொன்செல்வி.

ஷைஸ்தா எழுந்து போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து பாக்கி வேலையைச் செய்தாள். அந்த மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. போகிற அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். பொன்செல்வியிடமும், “வரேன்க்கா” என்றாள். டிபன் டப்பாவையும் மேசையில் வைத்திருந்த சின்னப் பூதக்கண்ணாடியையும் பையில் போட்டுக்கொண்டு லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு பொன்செல்விக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதிர் மேசையை யாருக்கும் கொடுக்கவில்லை. அதில் பிரிண்டர் காகிதக் கட்டுகளை அடுக்கி வைத்தார்கள். மதியம் டப்பாவைத் திறந்ததும் கண் அங்கே போகும். தான் பொய் சொல்லவில்லை, நினைவில்லை என்றுதானே சொன்னோம் என்று ஒரு வாரம் தனக்குள் வாதாடிப் பார்த்தாள். குறிப்பில் இருந்த ஒவ்வொரு சொல்லும் வரிசை மாறாமல் நினைவில் இருந்தது. கமா எங்கே இருந்தது என்றுகூடச் சொல்லியிருப்பாள்.

இதில் இன்னொன்றும் இருந்தது. அந்தக் காலத்தில் அவள் வீட்டிலும் வேலை பார்ப்பாள். பட்டியலின் ஒரு பிரதி தன்னுடைய பழைய லேப்டாப்பில் கிடப்பது அவளுக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகள் டியூஷனுக்குப் போயிருந்தபோது, அதைத் திறந்தாள். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முந்திய பிரதி. இருநூற்றுப் பதினான்குக்கு எதிரே ஷைஸ்தாவின் குறிப்பு அப்படியே இருந்தது. இதை அழித்துவிட்டால் பிறகு உலகத்தில் எங்கேயும் இல்லை. மவுஸ் அம்பைக் கொண்டுபோய் அந்தக் கோப்பின் மேல் நிறுத்தினாள். பிறகு லேப்டாப்பை மூடிவிட்டு அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவினாள்.

கணவன் கணேசபாண்டியன் கீழே பட்டறையில் பை தைக்கிறவர். மேலே வந்தவர் அவள் நின்ற நிலையைப் பார்த்து என்னவென்று கேட்டார். அவள் முதல்முறையாக முழுவதையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர், ஆனால் ஐரோலியில் வீடு பார்த்து, மகளுக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் இடமும் சொல்லி வைத்திருந்த நேரம் அது.

“எழுதுனவனே வைக்காத புள்ளின்னு சொல்லுத,” என்றார். “அவன் செத்தும் ஐயாயிரம் வருசம் ஆச்சு. அதுக்குப் போயி ஒன் வேலைய நீயே கெடுத்துக்கிடணுமா? சும்மா இரி. நாளாக நாளாச் சரியாப் போயிரும்.”

“புள்ளி கெடக்கு, அதுக்கு என்ன. அந்தப் பிள்ளைய வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நான் அவ இடத்தப் பாத்துக்கிட்டு எதுக்க உக்காந்து திங்கேன்.”

அவர், என்ன செய்தாலும் மகளுடைய பள்ளிக்கூட விஷயத்தை யோசித்துச் செய் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே போனார்.

ஷைஸ்தா செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்திருப்பதாக அலுவலகத்தில் ஒருத்தி சொன்னாள். அடுத்த செவ்வாய்க்கிழமை பொன்செல்வி விடுப்புப் போட்டுவிட்டு அங்கே போனாள். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கதவு வழியாக ஷைஸ்தா தெரிந்தாள். தலையில் துப்பட்டாவைச் சுற்றி, மேலே ஒரு வெள்ளைக் கோட்டு. குழாய்களில் எண் அச்சடித்த காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டிய பிறகு ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கி ஒருமுறை பார்த்துத்தான் தட்டில் வைத்தாள். பொன்செல்வி திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். அதற்குள் ஷைஸ்தா பார்த்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தாள். பக்கத்து ஜெராக்ஸ் கடையின் தார்ப்பாய்க்குக் கீழே இருவரும் நின்றார்கள். டீ வாங்கித் தரட்டுமா என்று பொன்செல்வி கேட்டதற்கு வேண்டாம் என்றாள்.

“அந்த ரிமார்க்க நான்தான் அழிச்சேன்,” என்றாள் கடைசியில்.

“தெரியும்க்கா.”

“எப்பத் தெரியும்?”

“அன்னைக்கு சார் ஸ்கிரீனத் திருப்புனாங்கல்ல, அப்பவே. கட்டம் காலியா இருந்துச்சு. எனக்கப்புறம் அந்த ஃபைலத் தொட்டது நீங்க மட்டுந்தான்.”

“பெறவு ஏன் சொல்லல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்.” ஷைஸ்தா தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு சொல்லியிருந்தாக்கூட சண்டை போட்டிருப்பேன். ஞாபகம் இல்லன்னு சொன்னீங்க. அதுக்கு என்ன பதில் சொல்ல முடியும்? வீட்ல அம்மாட்ட காண்ட்ராக்ட் முடிஞ்சிருச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். தப்பா செக் பண்ணதுக்கு எடுத்துட்டாங்கன்னு சொல்ல முடியல.”

பொன்செல்வி மன்னிப்புக் கேட்டாள். இரண்டு முறை கேட்டாள். ஷைஸ்தா அதை மறுக்கவும் இல்லை, ஏற்றுக்கொள்ளவும் இல்லை. பழைய பிரதி கையில் இருக்கிறது என்று சொன்னபோதுதான் அவள் முகம் திரும்பியது.

“எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப்போவுது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க,” என்றாள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி உள்ளே போனாள்.

பொன்செல்வி வீட்டுக்குப் போகவில்லை. ஷைஸ்தா முன்பு வந்துபோன வழியிலேயே வாஷி போய், மாறி, ஐரோலியில் இறங்கி அலுவலகத்துக்கே போனாள். விடுப்பில் இருந்தவள் நனைந்த சேலையோடு வந்து உட்கார்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பழைய பிரதியைக் காலையிலேயே பென்டிரைவில் எடுத்துப் பையில் வைத்திருந்தாள். பேராசிரியைக்கும் ரமேஷ்குமாருக்கும் ஒரே கடிதமாக எழுதினாள். ஷைஸ்தாவின் குறிப்பு சரியானது, அதை அழித்தது நான், கடைசி நாளைத் தவறவிடக் கூடாது என்பதற்காகவும் எனக்கு வரவிருந்த பதவிக்காகவும் அழித்தேன், கேட்டபோது நினைவில்லை என்றேன், நினைவிருந்தது. எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. ‘பதவிக்காகவும்’ என்ற இடத்தை நான்கு முறை எடுத்துவிட்டு நான்கு முறையும் திரும்பச் சேர்த்தாள். பிரதியை இணைத்து அனுப்பினாள்.

ரமேஷ்குமார் பத்து நிமிஷத்தில் கூப்பிட்டார். நிறுவனத்தின் பெயர் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். அவளுக்கு ஆதரவாக எத்தனை இடத்தில் பேசியிருக்கிறார் என்பதையும் சொன்னார். அதெல்லாம் உண்மைதான். அவள் மறுக்கவில்லை.

“முதல்ல எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே,” என்றார்.

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க சார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன்,” என்று ஒப்புக்கொண்டார்.

அவளை வேலையிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அந்தப் பேராசிரியையின் அடுத்த வேலையைச் செய்ய ஆள் இல்லை. ஆனால் குழுத்தலைவிப் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அவள் பழையபடி குறி வரையும் மேசைக்கு வந்தாள். ஐரோலி வீட்டுப் பேச்சு நின்றுபோனது. கணேசபாண்டியன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

பேராசிரியையின் பதில் சுருக்கமாக வந்தது. குறியீட்டைத் திரும்பப் பெற முடியாது, அந்த எண் இனி நமக்குப் பிறகும் இருக்கும். அதன் திருத்தக் குறிப்பில், இதைச் சேதம் என்று முதலில் கண்டவர் என ஷைஸ்தாவின் பெயர் சேர்க்கப்படும். அவ்வளவுதான். பொன்செல்வியைக் குறை சொல்லி எதுவும் இல்லை, பாராட்டியும் இல்லை. இரண்டு வாரம் கழித்து, முந்நூற்றுப் பதினோரு குறிகளையும் புதுப் படங்களோடு மறுபடி ஒப்பிடும் வேலையைப் பேராசிரியை நேரடியாகவே ஷைஸ்தாவுக்குக் கொடுத்திருப்பதாக ரமேஷ்குமார் சொன்னார். அவள் பரிசோதனை நிலையத்தை விட்டுவிட்டாள். திரும்பவும் இந்த அலுவலகத்துக்கு வர விரும்பவில்லை, வீட்டிலிருந்தே செய்கிறாள். குறியீடுகளை மாற்ற முடியாது, அவற்றுக்கு வரைந்த வடிவங்களைத் திருத்தலாம். அவள் குறிப்புகளின்படி அவற்றைத் திருத்தி வரைய வேண்டியது பொன்செல்வி.

குறிப்புகள் வாரத்துக்கு ஒருமுறை வரும். ஆங்கிலத்தில், வேலைக்கு வேண்டியது மட்டும் இருக்கும். இந்தப் பிறையின் வால் நீளம் அதிகம், அந்த வட்டம் சரியான வட்டமில்லை, மேல்பக்கம் சப்பை. ஒன்றிலும் ‘அக்கா’ இருக்காது. பொன்செல்வி அவள் சொன்னபடியே எல்லாவற்றையும் திருத்தினாள். ஒன்றைக்கூடக் கேள்வி கேட்கவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தாள். அப்படி நினைப்பதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

தீபாவளி கழிந்த வாரத்தில் வந்த குறிப்புகளில் ஒன்று, ஒரு குறியின் உள்கோட்டை எடுத்துவிடச் சொன்னது. அது கோடு இல்லை, விரிசல் என்று ஷைஸ்தா எழுதியிருந்தாள். பொன்செல்வி படத்தைத் திறந்தாள். பார்த்தவுடன் தவறு என்று தெரிந்தது. விரிசலாக இருந்தால் குறிக்கு வெளியேயும் ஓடியிருக்க வேண்டும். இது உள்ளேயே தொடங்கி உள்ளேயே முடிந்திருந்தது, முனையில் குச்சி எழும்பிய இடத்தில் மண் லேசாகப் புடைத்திருந்தது. இதே கோடு இன்னும் இரண்டு பலகைகளில் இருந்தது.

சொன்னபடி எடுத்துவிட்டுப் போகலாம். அவள் எழுதியதை இன்னொரு முறை தன் கையால் மாற்றினால் அது அவளுக்கு எப்படித் தோன்றும்? பதவி போன வன்மம் என்று நினைக்கமாட்டாளா? தான் செய்ததற்குப் பிறகு அவளிடம் போய் நீ செய்தது தப்பு என்று எப்படிச் சொல்வது? பொன்செல்வி அந்தக் குறியை அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றை முடித்தாள். இரண்டு நாள் அப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் காலை தாணே பிளாட்பாரத்தில் கூட்டத்தோடு நின்றுகொண்டிருந்தபோது, தான் பேசாமலிருப்பது ஷைஸ்தாவுக்காக அல்ல, தன்னைக் காத்துக்கொள்ளத்தான் என்பது அவளுக்குப் புரிந்தது. அன்றைக்கு அந்த அறையில் இருந்ததும் இதே பயம்தான்.

அலுவலகம் போனதும் எழுதினாள். கோடு விரிசல் இல்லை என்று நினைக்கிறேன், காரணம் இவை, மற்ற இரண்டு பலகைகளின் படங்களை இணைத்திருக்கிறேன், தயவுசெய்து மறுபடி பார்க்கவும். உங்கள் குறிப்பை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறேன், முடிவு நீங்கள் சொல்லவேண்டியது. அனுப்பிவிட்டு அடுத்த வேலையை எடுத்தாள்.

மூன்று மணி வரை பதில் இல்லை. பிறகு, வழக்கம்போல ஆங்கிலத்தில், வந்தது.

“பார்த்தேன். நீங்கள் சொல்வது சரி. கோடு இருக்கட்டும். இன்னும் ஏதாவது தவறாகத் தெரிந்தால் உடனே எழுதவும்.”

பொன்செல்வி அதை இரண்டு முறை படித்தாள். அதற்குள் இருந்ததைவிட அதிகமாக எதையும் அதில் தேடக் கூடாது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஷைஸ்தாவின் பழைய குறிப்பை அழிக்காமல் அதற்குக் கீழேயே புதிய முடிவையும் தேதியையும் எழுதிவிட்டு, அடுத்த படத்தைத் திறந்தாள்.